பின் பார்வதி கணவாய்க்குப் பத்து நாள் லீவு போதுமா?

கேட்டிருப்பது இதுதான்: "கோவையில் இருக்கிறேன், வயது 34. கேதார்காந்தாவும் ஹம்ப்டா கணவாயும் முடித்திருக்கிறேன். ஆகஸ்ட் கடைசியில் பின் பார்வதி போக ஆசை. குல்லு பக்கமிருந்து ஏறுவதா, ஸ்பிட்டி பக்கமிருந்தா? கைடு கட்டாயமா? பத்து நாள் லீவு இருக்கிறது, போதுமா?"

பின் பார்வதி ஹிமாச்சலப் பிரதேசத்தில் உள்ள உயரமான மலைக் கணவாய். கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். போதாது. நடை மட்டுமே எட்டு ஒன்பது நாள். அதற்கு மேல் ஓய்வுக்கு ஒரு நாளும், மழைக்கும் பனிக்கும் கையில் இரண்டு நாளும் வேண்டும். கோவையிலிருந்து டில்லி, அங்கிருந்து இரவு பஸ்ஸில் புந்தர், பிறகு கசோல், மணிகரண் வழியாக நடை தொடங்கும் பர்ஷேனி என்று போவதற்கு இரண்டு நாள். முடிந்த பிறகு ஸ்பிட்டியின் காஸா ஊரிலிருந்து டில்லி வந்து சேர இன்னும் இரண்டு நாள், சாலை ஒழுங்காக இருந்தால். ஆக, பதினாறு நாளுக்குக் குறைந்து இதைத் தொட வேண்டாம். லீவு குறைவாக இருப்பதில் உள்ள ஆபத்து, மேல் முகாமில் மேகம் கூடி நிற்கும்போது உங்கள் தலைக்குள் விமான டிக்கெட் ஓடிக்கொண்டிருக்கும் என்பதுதான். அந்த நேரத்தில் எடுக்கும் முடிவு சரியாக இருக்காது.

இடத்தைப் பற்றிக் கொஞ்சம். குல்லு மாவட்டத்தின் பார்வதி பள்ளத்தாக்கையும் ஸ்பிட்டியின் 'பின்' பள்ளத்தாக்கையும் (பின் என்பது அங்கே ஓடும் ஆற்றின் பெயர்) இணைக்கும் கணவாய் இது. உயரம் 5,319 மீட்டர், ஹம்ப்டாவைவிட ஒரு கிலோமீட்டருக்கு மேல் அதிகம். மொத்த நடை சுமார் 100 கிலோமீட்டர். 1884-ல் லூயிஸ் டேன் என்ற ஆங்கில அதிகாரி ஸ்பிட்டிக்கு மாற்று வழி தேடிப் போய் இதைக் கடந்தார். பின்னாளில் பஞ்சாபின் துணைநிலை ஆளுநராக இருந்தவர் அவர். மாற்று வழியாக இது பயன்படவில்லை, பயன்படவும் முடியாது என்பது போய்ப் பார்த்தால் தெரியும். பர்ஷேனியைச் சுற்றியுள்ள புல்கா, கல்கா, நக்தான் கிராமங்களைத் தாண்டினால், மறுபக்கம் முத் கிராமம் வரும்வரை ஊர் என்று ஒன்று கிடையாது. கீர்கங்காவுக்கு மேல் போன் சிக்னலை மறந்துவிடலாம்.

வழி இப்படிப் போகிறது. முதல் நாள் பர்ஷேனியிலிருந்து கீர்கங்கா, 2,960 மீட்டர். வெந்நீர் ஊற்று இருக்கும் இடம். கார்த்திகேயன் தவம் செய்த இடம் என்று அந்த ஊர்க் கதை, அதனால் நம் ஆட்களுக்கு அங்கே ஒரு தனிப் பாசம் வந்துவிடும். வாரக் கடைசியில் டில்லிக் கூட்டம் அதிகம், பாட்டுச் சத்தம் அதைவிட அதிகம். இரவு தங்கி, ஊற்றில் குளித்துவிட்டுக் கிளம்புங்கள். இதற்கு மேல் குளியல் கிடையாது. அடுத்து துண்டா புஜ், சுமார் 3,285 மீட்டர். பூர்ஜ மரங்கள், அதாவது அந்தக் காலத்தில் பட்டையை உரித்து ஓலை போல எழுதப் பயன்படுத்திய மரங்கள், இந்த மட்டத்தோடு முடிந்துவிடும். பிறகு டாக்குர் குவான், சுமார் 3,560. அங்கிருந்து 'பாண்டு புல்' என்ற பாறைப் பாலத்தைத் தாண்டி 'ஓடி தாச்' என்ற புல்வெளி. பிறகு மாந்தலாய் ஏரி, சுமார் 4,100. அதற்கு மேல் பனியாற்றுக்கு அருகே ஒரு மேல் முகாம். மறுநாள் கணவாய்.

எண்களைக் கவனித்தீர்களா? மாந்தலாய் வரை ஒவ்வொரு இரவும் முந்தைய இரவைவிட முந்நூறு மீட்டர் போலத்தான் கூடுகிறது. மூவாயிரம் மீட்டருக்கு மேல் போனால் தூங்கும் உயரத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் கூட்டாதே, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஓய்வு எடு என்பது மலை மருத்துவத்தின் அடிப்படை விதி. பார்வதி பள்ளத்தாக்கு அந்த விதிக்குக் கோடு போட்டு வைத்தது போல மெல்ல மெல்ல ஏறுகிறது. அதனால்தான் எந்தப் பக்கம் என்ற கேள்விக்கு என் பதில் குல்லு பக்கம். முத் கிராமமே 3,800 மீட்டர். அங்கிருந்து தொடங்கினால் காஸாவில் இரண்டு மூன்று நாள் சும்மா இருந்து உடம்பைப் பழக்க வேண்டும். அதற்குப் பிறகும், புறப்பட்ட இரண்டு மூன்று நாளில் பனிப்பிளவுகள் உள்ள பனியாற்றில் ஏறிக்கொண்டிருப்பீர்கள்.

ஆனால் இதே மெதுவான ஏற்றத்துக்கு இன்னொரு முகம் இருக்கிறது. அதை யாரும் விளம்பரத்தில் போடுவதில்லை. உயரத்தில் ஒருவருக்கு உடம்பு கெட்டால் மருந்து ஒன்றுதான்: உடனே இறங்க வேண்டும், முடிந்தால் 300 முதல் 1,000 மீட்டர். செங்குத்தான மலையில் அது இரண்டு மணி நேர வேலை. இங்கே மாந்தலாயில் ஒருவருக்கு மூச்சு திணறினால், ஐந்நூறு மீட்டர் இறங்க டாக்குர் குவான் வரை வர வேண்டும். அது ஒரு முழு நாள் நடை, நடுவில் பாண்டு புல். அங்கிருந்து பர்ஷேனிக்கு இன்னும் இரண்டு நாள். மேல் முகாமைத் தாண்டிவிட்டால் பின்னால் திரும்புவதைவிட முன்னால் போய் முத் சேர்வது கிட்ட. ஆனால் அதற்கு இன்னும் மேலே ஏறித்தான் இறங்க வேண்டும். கேதார்காந்தாவில் தலைவலி வந்தால் மாலைக்குள் ஊருக்குள் இருக்கலாம். இங்கே அந்தக் கணக்கு செல்லாது.

ஆகவே இந்த நடையைத் திட்டமிடும்போது, எங்கே ஏறுகிறோம் என்பதைவிட எங்கெங்கே திரும்பலாம் என்பதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். என் கணக்கில் மூன்று இடங்கள்.

முதலாவது டாக்குர் குவான். பாண்டு புல்லுக்கு முன்னால் கடைசி வசதியான முகாம். பாண்டவர்கள் போட்டதாகச் சொல்லும் பாலம் அது. உண்மையில், வீட்டளவு பாறைகள் உருண்டு வந்து ஆற்றுக்கு மேல் இறுகி நிற்கின்றன, அவ்வளவுதான். பக்கத்தில் போய் நின்றால் பாறைக்கு அடியில் பார்வதி ஆறு இடிக்கும் அதிர்வு உள்ளங்காலில் தெரியும். ஏறும் பக்கம் கைக்குப் பிடி கிடைக்கும் இடங்கள் குறைவு, மழை பெய்திருந்தால் பாசி வழுக்கும். போர்ட்டர்கள் முதலில் மூட்டைகளைக் கயிற்றில் ஏற்றிவிட்டு, பிறகு நம்மை மூட்டை போலவே ஏற்றுவார்கள். கோவேறு கழுதைகள் இதில் வராது, சுமை எல்லாம் மனித முதுகில்தான். டாக்குர் குவானில் இருக்கும்போதே ஒருவருக்குத் தொடர்ந்து தலைவலி, வாந்தி, சாப்பாடு இறங்கவில்லை என்றால் அவரை அங்கிருந்தே ஒரு ஆளோடு கீழே அனுப்பிவிடுவது நல்லது. "நாளைக்குச் சரியாகிவிடும்" என்று பாலத்தைத் தாண்ட வைத்தால், திரும்பும்போது அதே பாறையில் தள்ளாடிக்கொண்டு இறங்குவார்.

இரண்டாவது மாந்தலாய். பார்வதி ஆறு பிறக்கும் ஏரி. கரையில் சூலங்கள் நட்ட சின்ன சிவன் கோயில். சுற்றிலும் ஆறு பல கிளையாகப் பிரிந்து சேறும் கூழாங்கல்லுமாகப் பரந்து கிடக்கும். இங்கே ஒரு நாள் கண்டிப்பாக ஓய்வு போடுங்கள், ஏனென்றால் இந்த வழியில் இருக்கும் ஒரே பெரிய தாவல் அடுத்ததுதான். மாந்தலாயிலிருந்து மேல் முகாம் எழுநூறு மீட்டர் வரை உயரம். ஓய்வு நாள் என்றால் டென்ட்டுக்குள் படுத்திருப்பது இல்லை. மேலே ஒரு முந்நூறு மீட்டர் ஏறிப் பார்த்துவிட்டு இறங்கி வந்து தூங்க வேண்டும். அன்று மாலை குழுவில் எல்லோரையும் ஒரு நேர்கோட்டில் குதிகாலை விரலோடு ஒட்டி வைத்து நடக்கச் சொல்லுங்கள். சிரித்துக்கொண்டேதான் செய்வார்கள். யாருக்காவது கால் தடுமாறினால் சிரிப்பை நிறுத்திவிட்டுக் கீழே இறங்க ஏற்பாடு செய்யுங்கள், அது மூளையில் நீர் கோப்பதன் அடையாளமாக இருக்கலாம். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவதும் ஓயாத இருமலும் நுரையீரலில் நீர் கோப்பதைக் காட்டும், அதுவும் அப்படித்தான். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் எண்ணை வைத்து வாதம் செய்யாதீர்கள், குளிர்ந்த விரலில் அது எதை வேண்டுமானாலும் காட்டும்.

மூன்றாவது மேல் முகாம். இங்கே முடிவு செய்வது வானம். அதற்குத்தான் அந்த இரண்டு உபரி நாட்கள்.

வானிலையில் ஆகஸ்ட் கடைசி மோசமான தேர்வு இல்லை. ஜூலையில் பனி அதிகம், குல்லு பக்கம் மழையும் அதிகம். 2023 ஜூலை 9, 10 தேதிகளில் பெய்த மழையில் குல்லு பகுதியில் சாலைகள் அடித்துக்கொண்டு போனதும், சந்திரதால் ஏரிப் பக்கம் பனியில் சுற்றுலாப் பயணிகள் மாட்டிக்கொண்டதும் நினைவிருக்கும். அடுத்த ஆண்டு ஆகஸ்ட் தொடக்கத்தில் பக்கத்து மலானாவில் மின் திட்ட அணையே உடைந்தது. செப்டம்பர் முதல் பாதி பொதுவாக நல்லது, மழை குறையும், வானம் தெளியும். ஆனால் பனிப்பிளவுகள் வாயைத் திறந்து நிற்கும். கடைசி வாரம் போனால் வேறு பயம்: 2018-ல் அதே சமயத்தில் லாஹௌல் ஸ்பிட்டியில் திடீர்ப் பனி விழுந்து நூற்றுக்கணக்கானவர்கள் சிக்கி, விமானப்படை ஹெலிகாப்டர் வர வேண்டியிருந்தது.

வங்கக் கடல் புயலைக்கூட இமயமலையில் கணக்கில் வைக்க வேண்டும் என்பது நம்மூர்க்காரர்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். 2014 அக்டோபர் 12 அன்று விசாகப்பட்டினத்தில் கரை கடந்த ஹுட்ஹுட் புயலின் மிச்சம், இரண்டு நாள் கழித்து நேபாளத்தின் தோரங் லா கணவாயில் பனியாகக் கொட்டியது. அன்னபூர்ணா பகுதியில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அவர்களில் பலர் கணவாய் அருகே தேநீர்க் குடிசையில் ஒதுங்கியிருந்துவிட்டு, எப்படியாவது இறங்கிவிடலாம் என்று வெளியே வந்தவர்கள். 2024 ஜூனில் உத்தராகண்டின் சகஸ்திர தாலில் கர்நாடகத்திலிருந்து போன குழுவில் ஒன்பது பேர் இறந்ததும் மோசமான வானிலையில்தான். அது இதைவிட எளிதான நடை என்று சொல்லப்படுவது. கிளம்புவதற்கு முன் வானிலையைப் பார்த்துவிட்டேன் என்பது நான்கு நாளுக்குத்தான் செல்லும். ஐந்தாம் நாள் நீங்கள் சிக்னல் இல்லாத இடத்தில் இருப்பீர்கள்.

கைடு கட்டாயமா என்று கேட்டதற்கு: கட்டாயம், அதுவும் பனியாற்றில் கயிறு போட்டு நடத்தத் தெரிந்த கைடு. மாந்தலாய் வரை பாதை ஓரளவு தெரியும், அனுபவமுள்ளவர் தனியாகப் போய்விடலாம் என்று சிலர் சொல்வார்கள். பார்வதி பள்ளத்தாக்கில் 1990-களிலிருந்து தனியாகப் போய்க் காணாமல் போன வெளிநாட்டவர் கதைகள் ஏராளம். 2016-ல் மாந்தலாய் போன ஓர் அமெரிக்கர் இன்றுவரை கிடைக்கவில்லை. ஏஜென்சியிடம் பேசும்போது விலையைக் கேட்பதற்கு முன் சில கேள்விகள் கேளுங்கள். பெரிய கயிறு எத்தனை, ஒவ்வொருவருக்கும் ஹார்னஸ், அதாவது கயிற்றோடு இணைக்கும் இடுப்புப் பட்டை, உண்டா? கைடு மணாலி மலையேற்ற நிறுவனம் போன்ற இடத்தில் அடிப்படைப் பயிற்சி முடித்தவரா? ஹிமாச்சல் சுற்றுலாத் துறையில் பதிவு உண்டா? உபரி நாளுக்கான சாப்பாடும் எரிபொருளும் எடுத்து வருகிறார்களா? இந்தக் கடைசிக் கேள்வியில்தான் பல பேர் மழுப்புவார்கள், ஏனென்றால் அதற்கு இன்னும் இரண்டு போர்ட்டர் வேண்டும். போர்ட்டர்களுக்குக் காப்பீடும் பனிக் கண்ணாடியும் நல்ல ஷூவும் இருக்கிறதா என்றும் கேளுங்கள். உங்கள் மூட்டையைச் சுமப்பவர் செருப்போடு பனியில் நடந்தால் அது உங்களுக்கும் அசிங்கம், அவருக்கும் ஆபத்து.

வெளிநாட்டு நண்பர் யாராவது சேட்டிலைட் போனோ, செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கார்மின் இன்ரீச் கருவியோ கொண்டு வருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இந்தியாவில் உரிய அனுமதி இல்லாமல் அவற்றை வைத்திருப்பது குற்றம். விமான நிலையத்திலேயே பிடிபட்டு வழக்கில் மாட்டியவர்கள் இருக்கிறார்கள்.

டயமாக்ஸ் மாத்திரை பற்றி ஒரு வரி: உடம்பைப் பழக்குவதை விரைவுபடுத்த 125 மில்லிகிராம் காலையும் மாலையும் என்று கொடுப்பது வழக்கம். சல்ஃபா அலர்ஜி இருப்பவர்கள் டாக்டரிடம் கேட்காமல் தொடக் கூடாது. விரல் நுனி மரத்துப் போவதும் அடிக்கடி சிறுநீர் வருவதும் அதன் இயல்பு, பயப்பட வேண்டாம். அதை விழுங்கியாயிற்று, இனி வேகமாக ஏறலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள்.

சாமான்களில் எல்லோரும் ஒரே பட்டியலைத்தான் கொடுப்பார்கள், அதனால் விட்டுப்போவதை மட்டும் சொல்கிறேன். ஓடைகளைக் கடக்க வார் வைத்த செருப்பு தனியாக வேண்டும். வெறுங்காலோடு இறங்கினால் பனி உருகிய தண்ணீரில் அரை நிமிடத்தில் கால் மரத்துவிடும், கல் எது காலெது தெரியாது. ஓடையைக் காலையிலேயே கடக்க வேண்டும், மதியத்துக்கு மேல் வெயிலில் பனி உருகித் தண்ணீர் முழங்காலிலிருந்து இடுப்புக்கு வந்துவிடும். இறங்குவதற்கு முன் பையின் இடுப்புப் பட்டையைக் கழற்றிவிடுங்கள், விழுந்தால் பையை உதற முடியும். பனிக் கண்ணாடி நல்ல அடர்த்தியானதாக இருக்கட்டும். மேலே பசி செத்துவிடும். நாளெல்லாம் ராஜ்மாவும் ரொட்டியும் பார்த்து வெறுத்துப்போகும் நேரத்தில் ஒரு பாக்கெட் எலுமிச்சை ஊறுகாயும் கொஞ்சம் பருப்புப் பொடியும் செய்யும் வேலையை எந்த எனர்ஜி பாரும் செய்யாது.

இனி கணவாய் நாள். விடியற்காலை மூன்று, நான்கு மணிக்குக் கிளம்ப வேண்டும். இது கைடின் கெடுபிடி இல்லை. இரவுக் குளிரில் இறுகிய பனி, ஷூவுக்கு அடியில் மாட்டும் முள் சட்டமான கிராம்பானைப் பிடிக்கும், பனிப்பிளவுகளின் மேல் மூடியிருக்கும் பனிப்பாலங்களும் எடை தாங்கும். பத்து பதினொரு மணிக்கு மேல் அதே பனி கூழாகிவிடும். முதல் ஒரு மணி நேரம் நெற்றி விளக்கின் வட்டத்துக்குள் முன்னால் போகிறவரின் குதிகால் மட்டும்தான் தெரியும். தண்ணீர் பாட்டிலின் மூடி உறைந்து திறக்காது, அதனால் பாட்டிலைத் தலைகீழாக வைத்துக்கொள்ளச் சொல்வார்கள். காற்றில் ஆக்சிஜன் கடல் மட்டத்தில் கிடைப்பதில் ஏறக்குறைய பாதிதான், பத்து அடிக்கு ஒருமுறை நிற்பீர்கள், நிற்கலாம். உச்சி ஒரு குறுகலான பனி முகடு. வந்த பக்கம் மேகமும் பச்சையும் ஈரமும். போகிற பக்கம் செம்மண்ணும் சாம்பலுமான மொட்டை மலைகள், மழை மறைவுப் பகுதி. ஒரு மலைத்தொடரை முழுசாகத் தாண்டியிருக்கிறோம் என்பது வேறு எந்தக் கணவாயிலும் இவ்வளவு பளிச்சென்று தெரிந்து நான் பார்த்ததில்லை.

அங்கே அரை மணி நேரத்துக்கு மேல் நிற்காதீர்கள். போட்டோ எடுத்து முடித்ததும் வேலை முடிந்ததாக உடம்பு நினைத்துக்கொள்ளும், ஆனால் ஸ்பிட்டி பக்கத்துப் பனியாற்றில்தான் பிளவுகள் அதிகம். எல்லோரும் ஒரே கயிற்றில், இடையே கயிறு தொய்யாமல், முன்னால் போகிறவரின் தடத்திலேயே கால் வைத்து இறங்க வேண்டும். சிறுநீர் கழிக்கக்கூடக் கயிற்றை அவிழ்த்துவிட்டு ஓரமாக ஒதுங்கக் கூடாது. கூச்சப்படுகிறவர்களுக்கு இது முன்கூட்டியே தெரிந்திருப்பது நல்லது. பனி முடிந்ததும் கல் குவியல்கள், முழங்கால் அங்கேதான் அழும். பின் ஆற்றின் கரைக்கு வந்ததும் முகாம். மறுநாளும் அதற்கு மறுநாளும் காய்ந்த பள்ளத்தாக்கில் நடந்தால் முத். சரியான நேரத்தில் போனால் வயலில் பச்சைப் பட்டாணி நிற்கும், வீட்டில் தங்கவும் இடம் கொடுப்பார்கள். நேரமிருந்தால் காஸா போகும் வழியில் குங்ரி மடாலயத்தைப் பார்த்துவிட்டுப் போங்கள், திபெத்திய பௌத்தத்தின் பழமையான நியிங்மா பிரிவு மடம்.

இனி, போகலாமா என்ற கேள்வி. ஹம்ப்டாவில் நீங்கள் நாலாயிரம் மீட்டருக்கு மேல் தூங்கியிருக்க மாட்டீர்கள், பகலில் ஏறி இறங்கியதோடு சரி. இங்கே நாலாயிரத்துக்கு மேல் மூன்று நான்கு இரவுகள். உங்கள் உடம்பு அந்த உயரத்தில் எப்படித் தூங்கும், சாப்பிடும் என்பது இன்னும் உங்களுக்கே தெரியாது. அதனால் கையில் இருக்கும் பத்து நாள் லீவுக்கு பாபா கணவாய் போகலாம் என்பேன். கின்னௌரின் காஃப்னூவிலிருந்து ஏறி இதே முத் கிராமத்தில் இறங்கும் வழி. ஐயாயிரம் மீட்டருக்குச் சற்றுக் கீழே, நடை நான்கைந்து நாள்தான், பிளவுகள் உள்ள பெரிய பனியாறு குறுக்கே வராது. அதில் உடம்பு எப்படி நடந்துகொண்டது என்று பார்த்துவிட்டு, அடுத்த வருடம் முழு லீவோடு பின் பார்வதிக்கு வாருங்கள். இடையில் வெள்ளியங்கிரி திறந்திருக்கும் மாதங்களில் பை நிறையத் தண்ணீரைச் சுமந்து ஏறி இறங்குங்கள். ஏற்றத்தைவிட இறக்கத்துக்கு அது நல்ல பயிற்சி.

டிக்கெட் விஷயம் ஒன்று. திரும்பும் டிக்கெட்டைக் காஸா வந்து சேர்ந்த பிறகு போடுங்கள், அல்லது கேன்சல் செய்யக் கூடியதாக எடுங்கள். காஸாவிலிருந்து குன்சும் கணவாய் வழியாக மணாலி போவது குறுக்கு வழி, மழையில் அது மூடினால் கின்னௌர் வழியாக சிம்லாவுக்குச் சுற்றிக்கொண்டு போக வேண்டும், இன்னொரு நாள் கூடுதலாகப் பிடிக்கும்.